மணிக்கு 400 டன்: 1941-இல் ஜப்பான் போரை முடிவுசெய்த விதம்

1941 டிசம்பரில் ஜப்பான் தாக்கிய, ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் பற்றிய பேச்சு பெரும்பாலும் விமானங்களில் தொடங்கி எரியும் கப்பல்களில் முடிந்துவிடுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஐந்து மாதங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. டோக்கியோவில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களில் பலருக்கு, நீண்ட போரில் அமெரிக்காவை வெல்ல முடியும் என்ற நம்பிக்கை இல்லை. அதை அவர்கள் ஒருவருக்கொருவர் அரைகுறையாகச் சொல்லியும் இருக்கிறார்கள். அப்படியும் போர் வந்தது. தரைப்படைத் தலைமைத் தளபதி ஹாஜிமே சுகியாமாவின் குறிப்புகள் பின்னாளில் அச்சில் வந்ததால், எந்தக் கூட்டத்தில் யார் என்ன கேட்டார், யார் மழுப்பினார் என்பது வியக்கத்தக்க அளவுக்குத் தெரியும்.

முதலில் எண்ணெய். ஜப்பான் தன் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. 1937 ஜூலையில் சீனாவில் தொடங்கிய போர் முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. 1940 செப்டம்பரில் பிரெஞ்சு இந்தோசீனாவின் வடபகுதிக்குள் ஜப்பானியப் படை நுழைந்தது. அதே மாதம் 27-ஆம் தேதி ஜெர்மனி, இத்தாலியுடன் முத்தரப்பு ஒப்பந்தம். 1941 ஜூலைக் கடைசியில் இந்தோசீனாவின் தென்பகுதியும் கைக்கு வந்தது. சைகோன் பக்கம் விமானத்தளங்கள் கிடைத்துவிட்டால் மலாயா எட்டும் தூரம்தான். அமெரிக்கா உடனே ஜூலை 26-இல் ஜப்பானியச் சொத்துகளை முடக்கியது. ஆகஸ்ட் முதல் எண்ணெயும் நின்றது. பிரிட்டனும் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளும் (இன்றைய இந்தோனேசியா) அதே வழியில் போயின.

கடற்படைத் தலைமைத் தளபதி ஒசாமி நகானோ அக்டோபர் 23 கூட்டத்தில் இதை ஒரே எண்ணில் சொன்னார்: கடற்படை மணிக்கு 400 டன் எண்ணெய் எரிக்கிறது, எதுவானாலும் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் 9,600 டன். கப்பல்கள் சும்மா பயிற்சிக்குப் போய்வந்தாலே கையிருப்பு கரைகிறது. இந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் இது மேசைக்கு வந்த பிறகு, 'போர் வேண்டுமா' என்ற கேள்வி 'எந்தத் தேதிக்குள்' என்ற கேள்வியாக மாறிவிட்டது. அந்தக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நடந்த எல்லாமே இந்த மாற்றத்தின் விளைவு என்பது என் கருத்து.

அந்த அரசு அமைந்திருந்த விதத்தைத் தெரிந்துகொள்ளாமல் இது புரியாது. 1889 மெய்ஜி அரசியலமைப்பின்படி தரைப்படை, கடற்படைத் தலைமைத் தளபதிகள் நேரடியாகப் பேரரசருக்குக் கட்டுப்பட்டவர்கள். அமைச்சரவையின் கீழ் அவர்கள் வரவில்லை. போர்த்திட்டத்தைப் பிரதமருக்குக் காட்ட வேண்டிய கட்டாயமே அவர்களுக்குக் கிடையாது. தரைப்படை அமைச்சரும் கடற்படை அமைச்சரும் பணியில் இருக்கும் அதிகாரிகளாக இருக்க வேண்டும் என்ற விதி 1936-இல் திரும்ப வந்தது. ஆகவே தரைப்படை தன் அமைச்சரை விலகச் செய்து, வேறொருவரைத் தர மறுத்தால் அமைச்சரவை கவிழும். 1940 ஜூலையில் யோனாய் அமைச்சரவை இப்படித்தான் போனது. பிரதமருக்கோ ஓர் அமைச்சரைக்கூட நீக்கும் அதிகாரம் இல்லை. 1941 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் மட்சுவோக்காவை வெளியேற்ற விரும்பிய பிரதமர் ஃபுமிமாரோ கொனோயே, அதற்காக மொத்த அமைச்சரவையோடும் பதவி விலகி, மட்சுவோக்கா இல்லாமல் புதிய அமைச்சரவை அமைக்க வேண்டியிருந்தது.

இப்படிப் பிரிந்து கிடந்த அதிகாரங்களைச் சேர்த்துக்கட்ட ஒரு கயிறாக வந்தது ஒருங்கிணைப்புக் கூட்டம். பிரதமர், வெளியுறவு அமைச்சர், இரு படை அமைச்சர்கள், இரு தலைமைத் தளபதிகள், தேவைப்பட்டால் வேறு ஓரிருவர். அங்கே வாக்கெடுப்பு இல்லை. எல்லோரும் ஒப்ப வேண்டும். ஒப்பிய வாசகம் பிறகு பேரரசர் முன்னிலை மாநாட்டுக்குப் போகும். அங்கே பேரரசர் வழக்கமாகப் பேசமாட்டார். அவர் சார்பில் ஆலோசனை மன்றத் தலைவர் யோஷிமிச்சி ஹாரா கேள்வி கேட்பார். பதில்களும் முன்பே தயாராக இருக்கும். மாநாடு முடிந்தால் அந்த வாசகத்தின் மேல் பேரரசரின் முத்திரை விழுந்ததுபோல. அதை மாற்ற வேண்டும் என்று பிறகு பேசுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

எல்லோரும் ஒப்ப வேண்டும் என்ற விதி எச்சரிக்கையான முடிவைத்தானே தரும் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. சண்டை வராமல் ஒப்புக்கொள்ள எளிய வழி, இரு தரப்பின் விருப்பத்தையும் ஒரே வாசகத்தில் எழுதிவிடுவது. 'பேச்சுவார்த்தையும் நடத்துவோம், போருக்கும் தயாராவோம்.' ஜூலை 2 மாநாட்டு முடிவில் தெற்கு நோக்கி முன்னேறுவது, தேவைப்பட்டால் பிரிட்டன், அமெரிக்காவுடனான போரையும் தவிர்க்காமல் இருப்பது என்று எழுதினார்கள். எழுதியவர்களில் பலர் அந்த வரி நிஜமாகும் என்று நினைத்து எழுதவில்லை. செப்டம்பர் 6-இல் அதற்குத் தேதி சேர்ந்தது: அக்டோபர் முற்பகுதிக்குள் பேச்சில் வழி தென்படாவிட்டால் போரை முடிவு செய்வது, அக்டோபர் கடைசிக்குள் ஆயத்தம் முடிவது.

அதற்கு முந்தைய நாள் நடந்த உரையாடல் கொனோயேயின் நினைவுக் குறிப்புகளில் இருக்கிறது. வரைவில் போர் ஆயத்தம் முதலிலும் பேச்சுவார்த்தை அடுத்தும் இருப்பதைப் பேரரசர் ஹிரோஹித்தோ கவனித்தார். சுகியாமாவிடம், தெற்கே சண்டை முடிய எவ்வளவு காலம் ஆகும் என்றார். மூன்று மாதம் என்றார் சுகியாமா. சீன விவகாரம் தொடங்கியபோது நீங்கள்தானே தரைப்படை அமைச்சர், ஒரு மாதத்தில் முடியும் என்றீர்களே என்று பேரரசர் மடக்க, சீனாவின் உட்பகுதி மிகப் பரந்தது என்று சமாளித்தார் தளபதி. சீனா பரந்தது என்றால் பசிபிக் அதைவிடப் பரந்ததில்லையா என்று பேரரசர் கேட்டதற்கு அவரிடம் பதிலில்லை. மறுநாள் மாநாட்டில் வழக்கத்தை மீறி வாய்திறந்த பேரரசர், கடல்கள் யாவும் உடன்பிறப்புகள் என்றிருக்க அலையும் காற்றும் ஏன் கொந்தளிக்கின்றன என்று தன் பாட்டனார் மெய்ஜி எழுதிய கவிதையை வாசித்தார். அறையில் இருந்தவர்கள் உருகிப்போனார்கள். தீர்மானத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கவிதை வாசித்தவரே ஒப்புதலும் கொடுத்துவிட்டார்.

அக்டோபர் வந்தது. கெடு நெருங்கியது. கொனோயே, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டை நேரில் சந்திக்க முயன்றார். முதலில் அடிப்படை விஷயங்களில் உடன்பாடு வரட்டும் என்றது வாஷிங்டன். சிக்கல் சீனாவில் இருந்து படைகளைத் திரும்பப் பெறுவதில் வந்து நின்றது. தரைப்படை அமைச்சர் ஹிதேகி டோஜோ அதற்கு இணங்கவில்லை. பின்வாங்கினால் சீனாவில் சிந்திய ரத்தம் வீண் என்பது அவர் வாதம். அக்டோபர் 12-ஆம் தேதி கொனோயேயின் வீட்டில் அமைச்சர்கள் கூடினார்கள். கடற்படை அமைச்சர் கொஷிரோ ஒய்காவா ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்: 'அமெரிக்காவோடு போரிட்டு வெல்லக் கடற்படையால் ஆகாது.' பசிபிக் போர் கடற்படையின் போர். அது முடியாது என்றால் தரைப்படைக்கு வாதமே இல்லை. அவர் சொன்னது, முடிவைப் பிரதமரிடம் விடுகிறேன் என்பது.

ஏன்? பல ஆண்டுகளாக அமெரிக்கக் கடற்படையைக் காட்டித்தான் ஜப்பானியக் கடற்படை பணமும் எஃகும் எண்ணெயும் வாங்கியிருந்தது. இப்போது அந்த எதிரியோடு மோத முடியாது என்றால், இவ்வளவு காலம் வாங்கியது எதற்கு என்று தரைப்படை கேட்கும். அடுத்த ஆண்டு எஃகு சீனாவுக்குப் போகும். கோழைத்தனம் என்று பழிக்கப்படும் அச்சமும் இருந்தது. இந்த மௌனம் 1941-இன் மிகப் பெரிய குற்றம் என்று நான் நினைக்கிறேன். டோஜோவைப் பழிப்பது எளிது. அவர் தான் நம்பியதைச் சொன்னார். ஒய்காவா தனக்குத் தெரிந்ததைச் சொல்லவில்லை.

கொனோயே அக்டோபர் 16-இல் விலகினார். தரைப்படையை அடக்க அதன் தலைவரால்தான் முடியும் என்ற கணக்கில் டோஜோவையே பிரதமராக்கினார்கள். செப்டம்பர் 6 முடிவை ஒதுக்கிவைத்து, வெள்ளைத் தாளிலிருந்து தொடங்குங்கள் என்று அவருக்குப் பேரரசர் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. அவரும் உண்மையாகவே மறுஆய்வைத் தொடங்கினார். அக்டோபர் 23 முதல் கிட்டத்தட்ட நாள்தோறும் கூட்டம். ஆனால் வெள்ளைத் தாளில் எழுத வந்த எண்கள் பழைய எண்களே. கொடுத்தவர்களும் அதே தலைமையகங்களின் அதிகாரிகளே.

நவம்பர் 1-ஆம் தேதிக் கூட்டம் காலை 9 மணிக்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை ஒன்றரைக்கு முடிந்தது. மூன்று வழிகள் முன்வைக்கப்பட்டன: போரைத் தவிர்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கஷ்டப்படுவது, உடனே போரை முடிவுசெய்வது, போர் ஆயத்தத்தோடு பேச்சையும் தொடர்வது. இவற்றைப் பேசுமுன் நெடுநேரம் எஃகுப் பங்கீட்டில் போனது. புதிய கடற்படை அமைச்சர் ஷிகெதாரோ ஷிமாடா கூடுதல் எஃகு கேட்டார். எஃகு கிடைத்தால் மனதை உறுதிசெய்துகொள்வீர்களா என்று சுகியாமா கேட்க, ஷிமாடா தலையசைத்தார். ஒரு பேரரசின் தலைவிதி சரக்குப் பேரத்தோடு பிணைந்த இடம் இது.

நிதியமைச்சர் ஒகினோரி கயா அந்த அறையில் விடாமல் கேள்வி கேட்டவர். இப்போது போரிடாமல் இருந்து, மூன்று ஆண்டு கழித்து அமெரிக்கக் கப்பற்படை நம்மைத் தாக்கினால் வெல்வோமா? தெரியாது என்றார் நகானோ. அவர்கள் தாக்க வருவார்களா? பாதிக்குப் பாதி. வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன் என்றார் கயா. வெளியுறவு அமைச்சர் ஷிகெனோரி டோகோவும் (பெயர் ஒலி நெருங்கினாலும் டோஜோவுக்கு நேர் எதிரான ஆள்) அதையே சொன்னார். அப்படியானால் எப்போது போரிட்டால் வெல்லலாம்? இப்போது, வாய்ப்பு பிறகு வராது என்றார் நகானோ.

அவர் சொன்னதிலும் ஒரு கணக்கு இருந்தது. 1940 ஜூலையில் அமெரிக்கா இரு பெருங்கடல் கப்பற்படைச் சட்டத்தை நிறைவேற்றித் தன் கடற்படையை 70 விழுக்காடு பெருக்க ஆணையிட்டிருந்தது. அந்தக் கப்பல்கள் 1943 முதல் வந்து குவியும். 1941 கடைசியில் ஜப்பானின் கப்பற்படை அமெரிக்காவினுடையதில் ஏறத்தாழ 70 விழுக்காடு. அதன்பின் விகிதம் சரிந்துகொண்டே போகும். சரியான கணக்கு. ஆனால் இரண்டு ஆண்டில் எதிரி இவ்வளவு பெருகப் போகிறான் என்பது போரைத் தவிர்க்கத்தான் காரணமாக இருக்க வேண்டும். அதையே அவசரப்படக் காரணமாக அவர் நிறுத்தினார்.

கடைசியில் மூன்றாவது வழி. அடுத்து கெடு பற்றிய பேரம். தரைப்படைத் தலைமையகம் நவம்பர் 13-க்கு மேல் பேச்சு கூடாது என்றது. இழுபறிக்குப் பின் 30. டிசம்பர் 1 ஆக்கக் கூடாதா, ஒரு நாளாவது நீட்டலாமே என்று டோஜோ கேட்டதற்குத் தரைப்படைத் துணைத் தளபதி மறுத்துவிட்டார். 30-ஆம் தேதி எத்தனை மணி வரை, நள்ளிரவு வரை சரியா என்று ஷிமாடா கேட்டார். நள்ளிரவு வரை சரி. இப்படித்தான் 'டிசம்பர் 1, 0 மணி' என்ற கெடு பிறந்தது. கயாவும் டோகோவும் ஓர் இரவு அவகாசம் கேட்டுக்கொண்டு போனார்கள். இருவரில் ஒருவர் விலகியிருந்தாலும் அமைச்சரவை ஆட்டம் கண்டிருக்கும். டோகோ, முன்னாள் பிரதமர் ஹிரோட்டாவிடம் ஆலோசனை கேட்டார். நீங்கள் போனால் போரை ஆதரிக்கும் ஆள்தான் அந்த நாற்காலியில் உட்காருவார் என்றார் ஹிரோட்டா. மறுநாள் இருவரும் ஒப்பினார்கள்.

நவம்பர் 5 மாநாட்டில் திட்டக் கழகத் தலைவர் டெய்ச்சி சுசுகி வாசித்த எண்களைப் பாருங்கள். கையிருப்பு எண்ணெய் 84 லட்சம் கிலோலிட்டர். டச்சு கிழக்கிந்தியக் கிணறுகளைப் பிடித்தால் முதலாண்டு 3 லட்சம், இரண்டாம் ஆண்டு 20 லட்சம், மூன்றாம் ஆண்டு 45 லட்சம் கிலோலிட்டர் கிடைக்கும். மக்களின் தேவைக்கு 30 லட்சம் டன் கப்பல்கள் மிஞ்ச வேண்டும். ஆண்டுக்கு 8 முதல் 10 லட்சம் டன் கப்பல் மூழ்கும், சராசரியாக 6 லட்சம் டன் புதிதாகக் கட்டலாம், சமாளிக்கலாம்.

எண்ணெய்க் கணக்கு பெருமளவு பலித்தது. பலெம்பாங் 1942 பிப்ரவரியில் விழுந்தது. கிணறுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுரந்தன. பொய்த்தது கப்பல் கணக்கு. 1942-இல் இழப்பு மதிப்பீட்டை ஒட்டி 10 லட்சம் டன் அளவில் இருந்தது. 1943-இல் அது 18 லட்சம் அளவுக்கு ஏறியது. 1944-இல் 35 லட்சத்தையும் தாண்டியது. இழப்பு மதிப்பீட்டைத் தந்தது கடற்படை. எதிரி நீர்மூழ்கிகள் தங்கள் தவறுகளைத் திருத்திக்கொண்டு மேம்படும் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. சரக்குக் கப்பல்களுக்குத் துணைபோவதற்கென்று தனித் தலைமையகமே 1943 நவம்பரில்தான் வந்தது. சுமத்ராவில் எண்ணெய் நிறைந்து கிடக்க, அதைக் கொண்டுவர டேங்கர் இல்லாமல் ஜப்பான் வறண்டது.

இதை முன்கூட்டியே சொன்னவர்களும் உண்டு. 1940-இல் நிறுவப்பட்ட முழுப்போர் ஆய்வு நிறுவனத்தில் இளம் அதிகாரிகளும் அரசு அலுவலர்களும் 1941 கோடையில் ஒரு மாதிரி அமைச்சரவை அமைத்துப் போரை நடத்திப் பார்த்தார்கள். ஜப்பான் தோற்கும் என்று வந்தது. ஆகஸ்ட் 27, 28 தேதிகளில் பிரதமர் மாளிகையில் அதை எடுத்துரைத்தார்கள். அங்கிருந்த டோஜோ, போர் என்பது திட்டமிட்டபடி போவதில்லை, 1904-05-இல் ரஷ்யாவோடு மோதியபோதும் வெல்வோம் என்று எண்ணிப் போகவில்லை என்ற பொருளில் பேசியதாகப் பங்கேற்றவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

இனி தாக்குதலின் தொழில்நுட்பம். மேலே கண்ட அறைகளில் காணாத ஒன்றை இங்கே காணலாம்: கேள்வி கேட்டு, சோதித்து, தோற்றால் ஒப்புக்கொண்டு திருத்தும் பழக்கம்.

கூட்டுக் கப்பற்படைத் தளபதி இசொரொகு யமமோட்டோ 1941 ஜனவரியில் யோசனையை எழுதிக் கொடுத்தார். மினோரு கெண்டா விவரத் திட்டம் வகுத்தார். முதல் சிக்கல் ஆழம். விமானத்திலிருந்து போடும் டார்பிடோ (நீருக்குள் ஓடிக் கப்பலைத் தாக்கும் குண்டு) தண்ணீரில் விழுந்ததும் 30 மீட்டருக்கும் கீழே அமிழ்ந்து, பிறகு மேலேறி ஓடும். பேர்ல் ஹார்பரின் ஆழம் ஏறத்தாழ 12 மீட்டர். போட்டால் சேற்றில் குத்தி நிற்கும். அது அமிழக் காரணங்கள் இரண்டு. மூக்கு கீழ்நோக்கிச் செங்குத்தாக நுழைவது ஒன்று. காற்றில் விழும்போதே தன்னைத்தானே சுற்றிக்கொள்வதால், நீருக்குள் போனதும் சுக்கான்கள் தவறான பக்கம் திருப்பிவிடுவது மற்றொன்று. முதலாவதற்கு வாலில் மரத் துடுப்புகளைப் பொருத்தினார்கள். அவை காற்றில் கோணத்தை நிலைநிறுத்தி, நீரில் மோதியதும் கழன்றுவிடும். இரண்டாவதற்கு, சுழலாழி (gyroscope) கட்டுப்படுத்தும் சிறு இறக்கைகள் சுற்றலைத் தடுத்தன. விமானிகள் ககோஷிமா விரிகுடாவில் கடல்மட்டத்தை ஒட்டி, வேகத்தைக் குறைத்துப் பறந்து பழகினார்கள். திருத்திய டார்பிடோக்களின் கடைசித் தொகுதி நவம்பர் நடுவில்தான் தயாராயிற்று. மற்றக் கப்பல்கள் கிளம்பிய பின் காகா என்ற விமானம் தாங்கிக் கப்பல் அவற்றை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

போர்க்கப்பல்கள் இரண்டிரண்டாக நின்றால் உள்பக்கக் கப்பலை டார்பிடோ எட்டாது. அதற்கு 40 செ.மீ. பீரங்கிக் குண்டுகளைக் கடைந்து, வால் பொருத்தி, 800 கிலோ குண்டுகளாக்கி, 3,000 மீட்டர் உயரத்திலிருந்து போட்டார்கள். அப்படி ஒன்றுதான் அரிசோனா என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் தளத்தைத் துளைத்து வெடிமருந்து அறைக்குத் தீ வைத்தது. அந்த ஒரு கப்பலில் மட்டும் 1,177 பேர் இறந்தார்கள்.

வழி: சரக்குக் கப்பல்கள் அதிகம் போகாத வடபசிபிக். குளிர்காலக் கொந்தளிப்பில் நடுக்கடலிலேயே எண்ணெய் நிரப்ப வேண்டும். அககி, ஹிர்யூ, சோர்யூ என்ற விமானம் தாங்கிக் கப்பல்கள் மூன்றுக்கும் போய்த்திரும்பும் தூரம் எட்டாது. எண்ணெய்ப் பீப்பாய்களைக் கிடைத்த இடத்திலெல்லாம் அடுக்கினார்கள். வானொலி மௌனம் முழுமையானது. பழகிய தந்தி இயக்குநர்களைக் கரையிலேயே விட்டுவைத்துப் பொய்ச் செய்திகளைத் தட்டச் செய்தார்கள். ஒருவர் தந்தி தட்டும் பாணியை ஒட்டுக்கேட்பவர்கள் அடையாளம் காண்பார்கள் என்பதால். தேதி: இரவு நடுவிலிருந்து விடியல் வரை நிலவு இருக்க வேண்டும், துறைமுகத்தில் கப்பல்கள் ஞாயிறு நிற்கும், மலாயாக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று முற்றுமுன் தரையிறங்க வேண்டும், மஞ்சூரியாவில் பனி இருக்கும்வரை சோவியத் படை அசையாது. எல்லாம் சேர்ந்து ஹவாய்க் கணக்கில் டிசம்பர் 7, டோக்கியோக் கணக்கில் 8.

நவம்பர் 26 காலை, ஆறு விமானம் தாங்கிக் கப்பல்களோடு வைஸ் அட்மிரல் சூச்சி நகுமோவின் படை எட்டோரோஃபு தீவின் ஹிட்டோகாப்பு விரிகுடாவிலிருந்து கிளம்பியது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஹல்லின் கடுமையான பதில் டோக்கியோவை அடைந்தது அதற்குப் பின்புதான். அந்தப் பதிலால்தான் போர் என்று சொல்பவர்கள் இந்தத் தேதி வரிசையைக் கவனிக்க வேண்டும். பேச்சு வென்றால் திரும்பிவர உத்தரவு இருந்தது உண்மை. டிசம்பர் 1 மாநாடு இறுதி ஒப்புதல் தந்தது. மறுநாள், அன்றைய ஜப்பானியப் பேரரசின் மிக உயர்ந்த, தைவானிலிருந்த சிகரத்தின் பெயரில் தாக்குதலுக்கான சங்கேதச் செய்தி பறந்தது: நீட்டகா மலையில் ஏறுக, 1208 (12-ஆம் மாதம் 8-ஆம் தேதி).

வெளியுறவு அமைச்சர் டோகோவுக்கு இந்தத் தேதி நவம்பர் 29-இல்தான் தெரியும். நாள் தெரியாமல் எப்படிப் பேச்சு நடத்துவது என்று கேட்ட பிறகு நகானோ சொன்னார்.

வாஷிங்டன் ஜப்பானின் தூதரகச் சங்கேதத்தை 1940 முதலே உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது. நவம்பர் 22-இல் டோக்கியோ தன் தூதர்களுக்குத் தந்திருந்த முந்தைய கெடுவை 29 வரை நீட்டி, அதன்பின் காரியங்கள் தாமாகவே நடக்கத் தொடங்கும் என்று அனுப்பியதையும் படித்தது. ஆனால் ஹவாய் என்ற சொல் அந்தச் செய்திகளில் வர வழியே இல்லை, தூதரகங்களுக்கே தெரியாதே. நவம்பர் 27-இல் போர் எச்சரிக்கை போனது. அதில் பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, க்ரா தீபகற்பம், போர்னியோ என்று இருந்தது. ஹவாயின் தரைப்படைத் தளபதி ஷார்ட், உள்ளூர் நாசவேலைதான் ஆபத்து என்று கருதி விமானங்களை நெருக்கி நிறுத்திக் காவல் போட்டார். அதை வாஷிங்டனுக்குத் தெரிவிக்கவும் செய்தார். அங்கே யாரும் திருத்தவில்லை. துறைமுகத்தின் ஆழம் குறைவு, டார்பிடோக்களைத் தடுக்கும் வலை வேண்டாம் என்று முன்பு கருதியிருந்தார்கள். 1940 நவம்பரில் டரன்டோ துறைமுகத்தில் பிரிட்டன் 21 விமானங்களால் மூன்று இத்தாலியப் போர்க்கப்பல்களைச் சாய்த்த பின்னும், எந்தத் துறைமுகமும் பாதுகாப்பானதென்று கொள்ள வேண்டாம் என்று 1941 ஜூனில் திருத்தம் வந்த பின்னும் வலை வரவில்லை.

அன்று காலை ஆறே முக்காலுக்கு துறைமுக வாயிலில் 'வார்ட்' என்ற அழிகப்பல் ஒரு குட்டி நீர்மூழ்கியை மூழ்கடித்து அறிக்கை அனுப்பியது. மேலிடம் உறுதிசெய்யக் காத்திருந்தது. 7.02-க்கு ஓபானா ரேடார் நிலையம் 132 மைல் தொலைவில் பெருங்கூட்டம் ஒன்றைக் கண்டது. கலிபோர்னியாவிலிருந்து வரும் 12 குண்டுவீச்சு விமானங்களாக இருக்கும், கவலை வேண்டாம் என்று பதில் வந்தது. ரேடார் நன்றாகவே வேலை செய்தது. அதன் செய்தியைக் கேட்டு அடையாளம் காண வேண்டிய மையத்தில் 7 மணிக்கு எல்லோரும் போய்விட்டிருந்தார்கள்; புதிதாக வந்த ஓர் இளம் அதிகாரியும் தொலைபேசி இயக்குநரும்தான் மிச்சம். 7.55-க்கு முதல் குண்டு.

பேச்சு முறிந்ததென்ற குறிப்பை வாஷிங்டன் நேரம் பிற்பகல் 1 மணிக்கு, அதாவது தாக்குதலுக்கு 25 நிமிடம் முன் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். தூதரகத்தில் தட்டச்சு தாமதமாகி 2.20-க்குக் கொடுத்தார்கள். இந்தத் தாமதத்தைப் பெரிதாகப் பேசுவது எனக்கு ஏற்பில்லை. அந்தக் குறிப்பில் போர்ப் பிரகடனமே கிடையாது. பிரிட்டனுக்கு அதுகூட இல்லை. மலாயாவின் கோத்தா பாருவில், இந்தியப் படைப்பிரிவு காவல் நின்ற கரையில், ஹவாயில் குண்டு விழ ஒரு மணி நேரத்துக்கும் முன்பே ஜப்பானியர் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்களை சயாம்-பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் சென்ற கதை அந்தக் கரையிலிருந்துதான் தொடங்குகிறது.

அமெரிக்கர் 2,403 பேர் இறந்தார்கள். எட்டுப் போர்க்கப்பல்கள் அடிபட்டன. அவற்றில் அரிசோனாவும் ஒக்லஹோமாவும் மட்டுமே திரும்பச் சேவைக்கு வரவில்லை. விமானம் தாங்கிகள் துறைமுகத்தில் இல்லை. 45 லட்சம் பீப்பாய் எண்ணெய் இருந்த தொட்டிகள், பழுதுபார்க்கும் துறை, நீர்மூழ்கித் தளம் தப்பின. மறுநாள் அமெரிக்கக் காங்கிரஸ் போர்ப் பிரகடனத்தை செனட்டில் 82-0, கீழவையில் 388-1 என்று நிறைவேற்றியது. ஒரே எதிர்வாக்கு ஜானெட் ராங்கினுடையது. முதல் அடியிலேயே அமெரிக்க மக்களின் மனத்தைத் தளரச் செய்வது என்ற யமமோட்டோவின் எண்ணம் அந்த எண்ணிக்கையில் முடிந்தது.

இதே நகுமோவின் படைதான் 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பையும் 9-இல் திருகோணமலையையும் தாக்கியது. இங்கே முந்தைய நாளே ஒரு கனடா விமானிக் குழு கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுச் சுட்டுவீழ்த்தப்பட்டது. கொழும்புத் துறைமுகத்தின் பல கப்பல்கள் அதனால் விலகிப் போயின. ஆனாலும் ரத்மலானை விமானத்தளம் அயர்ந்த நேரத்தில் அடிவாங்கியது. எதிரி வருகிறான் என்று தெரிவது வேறு, எந்த நிமிடம் தலைக்கு மேல் இருப்பான் என்று தெரிவது வேறு. சென்னையில் அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்கு மாறியதும் மக்கள் மூட்டை கட்டியதும் அந்த ஏப்ரலில்தான்.

நான் மீண்டும் மீண்டும் திரும்பும் தாள் ஒன்று உண்டு. 1941 நவம்பர் 15-இல் ஒருங்கிணைப்புக் கூட்டம் ஏற்ற, போரை முடிப்பதற்கான திட்ட வரைவு. ஜெர்மனியும் இத்தாலியும் துணைநின்று பிரிட்டனைப் பணியவைக்கும், அதனால் அமெரிக்கா போரைத் தொடரும் மனத்தை இழக்கும். சாரம் இவ்வளவுதான். 12 மீட்டர் ஆழத்தில் டார்பிடோ ஓடுமா என்று மாதக்கணக்கில் போட்டுப் பார்த்தவர்கள், இந்த வாக்கியம் ஓடுமா என்று ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. நகுமோவின் கப்பல்கள் ஹவாயை நெருங்கிக்கொண்டிருந்த டிசம்பர் 5-இல் மாஸ்கோவுக்கு வெளியே சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கி, ஜெர்மானியப் படை பின்வாங்கத் தொடங்கியது. டோக்கியோவில் யாரும் கப்பல்களைத் திரும்ப அழைக்கவில்லை.

1945 ஆகஸ்ட் 9 இரவு, அரண்மனையின் நிலத்தடிக் காப்பறையில் அதே வகை மாநாடு கூடியது. ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்திருந்தன. சோவியத் யூனியன் போரில் இறங்கியிருந்தது. சரணடைவதா என்ற கேள்வியில் போரை நடத்திய ஆறு பேர் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்து நின்றார்கள். எல்லோரும் ஒப்பும் வாசகம் எதுவும் கிடைக்கவில்லை. அதிகாலை 2 மணியளவில் பிரதமர் கன்டாரோ சுசுகி எழுந்து, வழக்கத்தை மீறி, பேரரசரையே முடிவு சொல்லக் கேட்டார். வெளியுறவு அமைச்சரின் கருத்தை ஏற்பதாகப் பேரரசர் சொன்னார். வெளியுறவு அமைச்சராக அங்கே இருந்தவர், 1941 நவம்பர் 2-இல் விலகாமல் ஒப்பிய அதே ஷிகெனோரி டோகோ.